கழுவின பம்ப்பெல்லாம் ஓடும்

எங்க அறைக்கு நாங்க வெச்ச பேரு பிணவறை. நாங்க வேலை பார்க்கிற கார் கம்பெனி வெச்ச பேரு வேற, அது நீளமா வாயில நுழையாத மாதிரி இருக்கும். கார்ல இருந்து கழட்டின பெட்ரோல் பம்ப்புங்க கடைசியா வந்து சேர்ற இடம் இதுதான். கையளவு மோட்டாருங்க அது. காரோட டாங்குக்குள்ள, பெட்ரோல்ல முங்கினபடியே உக்காந்துக்கிட்டு, பெட்ரோலை உறிஞ்சி எஞ்சினுக்குத் தள்ளிட்டே இருக்கும். அது நின்னா எஞ்சினும் நிக்கும். நின்னுபோச்சுன்னு யாராவது புகார் சொன்னா, பணிமனைக்காரங்க பம்ப்பைக் கழட்டி எங்களுக்கு அனுப்புவாங்க. அது எதனால செத்துச்சுன்னு நாங்க பார்த்துச் சொல்லணும்.

நாங்கன்னா ரெண்டே பேரு. ஒண்ணு நான். எனக்கு மூக்கு மேல கோவம்னு அம்மா சொல்லுவாங்க. இன்னொண்ணு துணி அண்ணா. அவரு தோள்ல எப்பவும் ஒரு வெள்ளைத் துணி கிடக்கும். எதைத் தொட்டாலும் துடைச்சுட்டுத்தான் தொடுவாரு, தொட்டதுக்கப்புறமும் துடைப்பாரு. அவரு குடிச்சு வெச்ச டீ கிளாஸைக் கழுவவே வேண்டாம். முகத்துக்கு நேராவே துணி அண்ணான்னு கூப்பிடுவோம், அவருக்கும் அதுல பெருமைதான்.

அந்த வருஷம் வெயில் ஏற ஏற ஒரே மாடல் கார்ல இருந்து பம்ப்பா வந்து குவிஞ்சுது. புகாரும் ஒண்ணேதான். ஓடிட்டிருக்கும்போதே வண்டி நின்னுடுச்சு. சரி, பார்க்கலாம்னு மேசையில மாட்டி சுவிட்சைத் தட்டினா, பம்ப் ஓடும். வயிறு நிறைஞ்ச பூனை மாதிரி உர்ர்ருன்னு அவ்வளவு சுகமா ஓடும். அளந்து பார்த்தா புதுப் பம்ப்போட அளவு. அடுத்ததும் ஓடும். அதுக்கடுத்ததும் ஓடும்.

"நம்ம மூஞ்சியைப் பார்த்ததும் பிணத்துக்கெல்லாம் உயிர் வந்துடுது பாரு. கைராசி"ன்னு துணி அண்ணா சொன்னாரு. முதல்ல நானும் சிரிச்சேன்.

அப்புறம் சிரிப்பு வரல. ஒருநாள் மத்தியானம் அவரு சாப்பிடப் போயிட்டாரு. மேசை முழுக்க பம்ப்பை மாட்டி ரொம்ப நேரம் ஓட விட்டுப் பார்க்கிற சோதனைக்கு விட்டிருந்தோம். நான் தண்ணி பிடிச்சுட்டு உள்ளே வர்றேன், அத்தனையும் ஒரே சுருதியில முணுமுணுத்துட்டு இருக்கு. நாலு பேரு கூடி நம்மளைப் பத்தியே பேசிட்டிருக்கிற அறைக்குள்ள தெரியாம நுழைஞ்சா எப்படி இருக்கும், அப்படி இருந்துச்சு. எங்கேயோ ஒரு ரோட்டுல, வேகத்துல போற வண்டியில, யாரோ ஒருத்தரை நட்டாத்துல விட்டுட்டு வந்த பம்ப்பு ஒவ்வொண்ணும். இங்க வந்து ஒண்ணுமே தெரியாத பாப்பா மாதிரி பாடிட்டு இருக்கு. "வாயை மூடுங்க"ன்னு சொல்லி நானே சுவிட்சை அணைச்சேன். சொன்னது யாருக்கும் கேக்கலையேன்னு வெளியே எட்டிப் பார்த்துக்கிட்டேன்.

'குறை எதுவும் இல்லை.' ஒவ்வொரு பம்ப்புக்கும் இதைத்தான் அனுப்பினோம். எங்க மேலாளரு அதை வெச்சு ஒரு முடிவுக்கு வந்துட்டாரு. "பம்ப்புல குறை இல்லன்னா ஓட்டறவங்க கிட்டதான் குறை. சாவி வளையத்துல கொத்துக் கொத்தா எதையாவது தொங்க விட்டிருப்பாங்க, முட்டி பட்டு அணைஞ்சிருக்கும்"ன்னாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இத்தனை பேருக்குமா முட்டி நீளம்னு கேட்டேன்.

புகார் சொன்னவங்க போன்ல பேசின பதிவெல்லாம் கம்பெனியில இருக்கும். எனக்கு நானே வம்பை விலைக்கு வாங்கிக்கிட்டேன். அதையெல்லாம் கேட்டேதான் தீருவேன்னு அடம்பிடிச்சு வாங்கி, காதுல மாட்டிக்கிட்டு உக்காந்தேன்.

ஒருத்தரு சொல்றாரு: "எனக்கு அன்னைக்கு ஆபீஸ் போகவே பிடிக்கலைங்க. போகாம இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்னு நினைச்சேன். நினைச்சு முடிக்கல, வண்டி நின்னுடுச்சு."

ஒரு பொம்பளை: "ஆஸ்பத்திரியில இருந்து திரும்பி வந்துட்டு இருந்தேன். டாக்டரு சொன்னதை வீட்டுல போயி எப்படிச் சொல்றதுன்னு தெரியல. வீடு வரவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டே ஓட்டினேன். யாரோ பக்கத்துல இருந்து கையை நீட்டி அணைச்ச மாதிரி இருந்துச்சுங்க. ரேடியோ மட்டும் பாடிட்டே இருந்துச்சு."

ரேடியோ பாடினதுல பேயும் இல்ல பிசாசும் இல்ல, பேட்டரி இருக்கு. பம்ப் நின்னா எஞ்சின்தான் போகும், விளக்கு போகாது, பாட்டு போகாது. அது எனக்குத் தெரியும். ஆனா மத்தது? போனை எடுத்தவங்க அப்ப என்ன நினைச்சுட்டு இருந்தீங்கன்னு ஒருத்தரையும் கேக்கல. கேக்காமலேயே ஒருத்தர் மாத்தி ஒருத்தர் சொல்றாங்க. நிக்கணும்னு நினைச்சேன், நின்னுச்சு. போகக் கூடாதுன்னு நினைச்சேன், போகல. திருடு போன பொருளைப் பத்திப் பேசற மாதிரி குரலைத் தாழ்த்திச் சொல்றாங்க.

நான் எதுக்கு இப்படி உயிரைக் கொடுத்துப் பாடுபட்டேன்னா, என் தம்பிக்காக. அதைச் சொல்லணும்.

தம்பி வெச்சிருந்ததும் அதே மாடல்தான். வேலை பார்க்கிறவங்க குடும்பத்துக்குக் கம்பெனி விலை குறைச்சுக் கொடுக்கும், எனக்கு ஒண்ணு, அவனுக்கு ஒண்ணுன்னு சேர்த்தே எடுத்தோம். அந்தக் கார்ல அவனும் அவன் பெண்டாட்டியும் ஒரு மத்தியானம் நெடுஞ்சாலையில போயிட்டிருந்தாங்க. வழியில சண்டை. அவங்களுக்குள்ள சண்டைன்னா புதுசு ஒண்ணும் இல்ல. காலையில எலியும் பூனையுமா இருப்பாங்க, சாயங்காலம் ஒரே தட்டுல சாப்பிடுவாங்க. நடு ரோட்டுல வண்டி நின்னுடுச்சு. அவ கதவைத் திறந்து இறங்கியிருக்கா. பின்னாடி லாரி வந்திருக்கு. அவ்வளவுதான். அவன் மேல ஒரு கீறல் இல்ல.

வண்டி தானா நின்னுச்சுன்னு போலீஸ்ல சொன்னான். அவங்க பம்ப்பைக் கழட்டி, சீல் வெச்சு, எங்க அறைக்கே அனுப்பினாங்க. அக்காக்காரி தொடக்கூடாதுன்னு என்னை வெளியே நிறுத்திட்டாங்க, அது நியாயம்தான். துணி அண்ணா ஒரு போலீஸ்காரரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, முறைப்படி எல்லாம் செஞ்சு, மேசையில மாட்டினாரு. கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு நான் காதை வெச்சுக் கேட்டேன். ஓடாதே, ஓடாதே, ஓடாதேன்னு மனசுக்குள்ள கதறினேன். உர்ர்ருன்னு ஓடிச்சு.

அவ பிறந்த வீட்டுல சும்மா இருப்பாங்களா? சண்டை போட்டுட்டு வேணும்னே நடுரோட்டுல நிறுத்தி எங்க பெண்ணைக் கொன்னுட்டான்னு வழக்குப் போட்டாங்க. பெத்தவங்க வயிறு, நான் குறை சொல்ல மாட்டேன். வக்கீல் என்கிட்ட வெளிப்படையாவே சொன்னாரு, வண்டியில குறை இருந்துச்சுன்னு காட்டலைன்னா கஷ்டம்தான், பல வருஷம் உள்ளே இருக்க வேண்டி வரும்னு.

தம்பி அம்மாவோட இருந்தான். நான் தினமும் வேலைக்குப் போற வழியில போய்ப் பார்ப்பேன். ஒருநாள் காலையில டீயைக் கையில கொடுத்தேன். குடிக்காம அதையே பார்த்துட்டு இருந்தான்.

"அக்கா, நான்தான் நிறுத்தினேன்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."

"கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு? அணைச்சியா நீ? சாவியைத் தொட்டியா?"

"தொடல. நினைச்சேன். இந்த வண்டி இங்கேயே நின்னு தொலைஞ்சா என்னன்னு நினைச்சேன். நின்னுச்சு."

அந்தப் பதிவையெல்லாம் அவன் கேட்டதே இல்ல. நான் ஒருத்தர்கிட்டயும் வாய் திறந்ததும் இல்ல. அதே வார்த்தை, அதே தாழ்ந்த குரல். அம்மா அடுப்படியில இருந்து எங்களையே பார்த்துட்டு நின்னாங்க. விசாரணை வர்றதுக்கு அதிக நாள் இல்ல. அவன் போய் நின்னு அப்படி ஒரு வார்த்தை சொல்லிட்டான்னா அப்புறம் யாரு தலைகீழா நின்னாலும் அவனை மீட்க முடியாது.

"வாயைத் திறந்தே, கொன்னுடுவேன்"னு சொல்லிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் வக்கீலைப் பார்த்துட்டு மத்தியானம் வேலைக்குத் திரும்பிட்டு இருந்தேன். வெயில் மண்டையைப் பிளக்குது. மேம்பாலத்துல ஏறினேன். வக்கீல் சொன்னதையே மனசு அரைச்சுட்டு இருந்துச்சு. தம்பி எதுவுமே சரியா பேச மாட்டேங்கிறான், ஒத்துக்கிறேன் ஒத்துக்கிறேன்னே சொல்றான்னு அவரு புலம்பியிருந்தாரு. அலுப்பு. எனக்கும் மனுஷ உடம்புதானே. 'சரி, ஒத்துக்கிட்டுத் தொலையட்டும். இதோட எல்லாம் நிக்கட்டும்'னு நினைச்சேன்.

வண்டி நின்னுடுச்சு.

உதறல் இல்ல, இருமல் இல்ல. காலுக்குக் கீழே இருந்த ஒரு உயிர் எழுந்து போயிட்ட மாதிரி. ரேடியோவில ஒரு பொம்பளை வானிலை வாசிச்சுட்டு இருந்தா, அவ நிறுத்தவே இல்ல. சாவியைப் பார்த்தேன், போட்டது போட்டபடியே இருக்கு. அப்புறம், சொன்னா நம்ப மாட்டீங்க, பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இருக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சேதான் பார்த்தேன். சீட் பெல்ட் மட்டும் லேசா ஆடிட்டு இருந்துச்சு.

பின்னாடி ஹாரன் கிழியுது. ஒரு லாரி என்னை உரசற மாதிரி ஒதுங்கிப் போச்சு, அந்தக் காத்துல கார் ஒரு குலுங்கு குலுங்குச்சு. இறங்கி ஓடணும்னுதான் கை கதவுக்குப் போச்சு. தம்பி பெண்டாட்டியும் இப்படித்தான் இறங்கியிருப்பான்னு தோணிச்சு பாருங்க, கையை இழுத்துக்கிட்டேன். இறங்காமலேயே, பாலத்துச் சரிவுல பிரேக்கை விட்டு விட்டு உருட்டி ஓரத்துக்குக் கொண்டு வந்தேன். ஓரத்துல நின்னதும் வந்துச்சு கோவம். என் வண்டிக்கிட்ட நான் பேசின பேச்சை இங்க எழுத முடியாது.

திட்டிட்டு இருக்கும்போதே ஒண்ணு உறைச்சுது. பதிவுல பேசின எல்லாரும் கடைசியில ஒரு விஷயம் சொன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு சாவி போட்டேன், வண்டி கிளம்பிடுச்சுன்னு. அப்படின்னா இப்ப, இந்த நிமிஷம், என் பம்ப் செத்துக் கிடக்கு. இன்னும் கொஞ்ச நேரத்துல எழுந்துக்கும். எழுந்துக்கறதுக்குள்ள அதை நான் பிடிக்கணும்.

இழுவை வண்டிக்காரரை வரவெச்சு, விரட்டு விரட்டுன்னு விரட்டி, நேரா எங்க வாசலுக்கே கொண்டு போனேன். கீழே பணிமனைப் பையன்களை உலுக்கி, பின்சீட்டைத் தூக்கி, பம்ப்பை எடுத்துட்டு, பெட்ரோல் சொட்டச் சொட்ட ஒரு தகர டப்பாவில போட்டுக்கிட்டு மாடி ஏறினேன். படியெல்லாம் நாத்தம். துணி அண்ணா என்னைப் பார்த்து அலறிட்டாரு.

"ஏம்மா, அதை ஏன் இப்படியே தூக்கிட்டு வர்றே? கழுவணும், காய வைக்கணும், அப்புறம்தானே மேசை?"

அது எங்க அறையோட விதி. எத்தனையோ வருஷத்துக்கு முன்னாடி, எங்களுக்கு முன்னாடி இருந்த ஒருத்தரு பெட்ரோல் ஈரத்தோட ஒரு பம்ப்பை மேசையில மாட்டி, தீப்பிடிச்சு, புருவம் ரெண்டும் கருகிப் போச்சாம். அதுல இருந்து எந்தப் பம்ப் வந்தாலும் உள்ளே இருக்கிற பெட்ரோலை வடிச்சு, அலசி, சூட்டு அலமாரியில ஒரு ராத்திரி காய வெச்சு, மறுநாள்தான் மேசைக்கு வரும். மேசையில ஓடறதும் பெட்ரோல் இல்ல, லேசுல தீப்பிடிக்காத ஒரு எண்ணெய். துணி அண்ணா மாதிரி அதை ஒழுங்கா செய்யறவங்க யாரும் இல்ல. மூலை முடுக்கெல்லாம் விட்டுக் கழுவுவாரு.

"இன்னைக்கு மட்டும் விடுங்க அண்ணா."

"புருவம் போயிடும்."

"போனா வரைஞ்சுக்கறேன். தள்ளுங்க."

தீயணைக்கிற சிலிண்டரை எடுத்துக் கையில பிடிச்சுக்கிட்டு அவரு பின்னாடி நின்னாரு. நான் ஈரத்தோடயே மாட்டி, சுவிட்சைத் தட்டினேன். பம்ப் ஓடல. ம்ம்ம்ம்ம்னு அடித்தொண்டையில ஒரு முனகல் வந்துச்சு. வாயைக் கட்டிப் போட்டவன் பேசப் பார்க்கிற மாதிரி. மின்சார அளவு எகிறிச்சு, ஆனா சுத்தல. உடனே அணைச்சேன். மறுபடி தட்டினேன். அதே முனகல்.

நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். இத்தனை மாசத்துல அந்த அறைக்குள்ள செத்தபடியே வந்த முதல் பிணம் அது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துச்சு.

துணி அண்ணா மெதுவா அதைக் கழட்டி, வழக்கம்போல அலசி, சூட்டு அலமாரியில வெச்சாரு. மறுநாள் காலையில எடுத்து மாட்டினாரு. உர்ர்ருன்னு ஓடிச்சு. அவரு நாற்காலியைத் தேடி உக்காந்தாரு. தோள்ல இருந்த துணியை எடுத்து மடியில வெச்சு, அதையே பார்த்தாரு.

"நான் கழுவிக் கழுவித்தானா?"ன்னு கேட்டாரு.

பிரிச்சுப் பார்த்தோம். பம்ப்புக்குள்ள நாணயம் மாதிரி ஒரு பிளாஸ்டிக் சக்கரம், ஓரத்துல பல்லுப் பல்லா இருக்கும். அது சுத்தித்தான் பெட்ரோலைத் தள்ளுது. அதுக்கும் சுவருக்கும் நடுவுல மயிரிழைதான் இடைவெளி. அந்தச் சக்கரத்துக்குப் போட்ட பிளாஸ்டிக் சரியில்ல. பெட்ரோல்லயே ஊறி ஊறி, ஊற வெச்ச பயறு மாதிரி கொஞ்சம் கொஞ்சமா உப்பியிருக்கு. வெயில்ல டாங்கு சூடானா இன்னும் உப்பும். ஒருநாள் சுவரைத் தொட்டுடும், இறுகிப்போய் நின்னுடும். கொஞ்சம் ஆறினா விட்டுக் கொடுக்கும். கழுவிக் காய வெச்சா பழையபடி இளைச்சு, நல்ல பிள்ளையா ஆயிடும். அலமாரி நிறைய கிடந்ததையெல்லாம் நாங்களே குணமாக்கிட்டு, குறையில்லைன்னு எழுதி அனுப்பியிருக்கோம். அந்த பொம்பளைக்கு, ஆபீஸ் போகப் பிடிக்காதவருக்கு, என் தம்பிக்கு, எல்லாருக்கும் நீ பொய் சொல்றேன்னு சொல்லி அனுப்பியிருக்கோம்.

மேலாளர்கிட்ட ஓடினேன். முழுசும் கேட்டாரு. ஆளு கெட்டவரு இல்ல. "நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம்மா. ஆனா உங்க வண்டி, உங்க கை, உங்க தம்பி வழக்கு. வெளியில எவன் நம்புவான்?"னாரு. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கணும்னு வாயைத் திறந்தேன். அவரு சொன்னதுல தப்பு இல்லன்னு தெரிஞ்சு மூடிக்கிட்டேன்.

அதனால துணி அண்ணாவே எல்லாத்தையும் எடுத்துச் செஞ்சாரு. என்னை அறைக்குள்ளயே விடல. எல்லாப் பணிமனைக்கும் சொல்லி அனுப்பினாரு, இனிமே அந்த மாடல் பம்ப்பை வடிக்காதீங்க, துடைக்காதீங்க, டாங்குல இருந்த பெட்ரோலோடயே மூடின டப்பாவில அனுப்புங்கன்னு. டப்பாக்கள் வர ஆரம்பிச்சுது. தீயணைப்பு ஆளுங்களை வெச்சுக்கிட்டு, வெயில்ல டாங்கு இருக்கிற சூட்டுக்குக் கொண்டு வந்து, ஈரத்தோட மேசை முழுக்க மாட்டினாங்க. நான் வராண்டா பெஞ்சுல உக்காந்து கேட்டுட்டு இருந்தேன். ஒரு பூனை கூட உறுமல. முனகல் மட்டும், ஒண்ணு முடிஞ்சா ஒண்ணு, சுவரைத் தாண்டி வந்துட்டே இருந்துச்சு. அது கேக்கத்தான் அத்தனை நாள் தவம் கிடந்தேன். கேட்டதும் காதைப் பொத்திக்கணும் போல இருந்துச்சு.

கடைசியா தம்பியோட பம்ப். போலீஸ்காரங்க முன்னாடி அதைத் திரும்பவும் பெட்ரோல்ல போட்டு, வெயில் சூட்டுல டாங்கு எப்படி இருக்குமோ அந்தச் சூட்டுல நாள்கணக்குல ஊற வெச்சாங்க. எடுத்து மாட்டின அன்னைக்கு நான் பெஞ்சுல உக்காரல, கதவுல நெத்தியை வெச்சு நின்னேன். உள்ளே சுவிட்ச் தட்டற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் அந்த முனகல். பம்ப் சுத்தல.

மேலாளரு பேயறைஞ்ச மாதிரி வெளியே வந்தாரு. என்னைத் தாண்டிப் போய் ஜன்னல் பக்கம் நின்னு வீட்டுக்குப் போன் போட்டாரு. அவரு வீட்டுலயும் அதே கார்தான். "வண்டியை எடுக்காதே. பிள்ளைங்களைக் கூப்பிட நான் வர்றேன். ஏன்னு அப்புறம் சொல்றேன், சாவியை எடுத்து உள்ளே வை"ன்னாரு. அந்த மாடல் வண்டி அத்தனையையும் திரும்ப வரவெச்சு பம்ப்பை மாத்தற ரீகால் போடறதுன்னு அந்த வாரமே முடிவாச்சு. பம்ப்பை மாத்தற வரைக்கும் ஓட்டாதீங்கன்னு வீட்டு வீட்டுக்குக் கடிதம், டிவியில அறிவிப்பு. போன்ல பேசின அந்த பொம்பளைக்கு நானே கூப்பிட்டுச் சொன்னேன். உங்க மனசு இல்லைங்க, பம்ப்புதான்னு. "நான்தான்னு நினைச்சுட்டு இருந்தேன்"னு சொன்னாங்க.

வழக்குல தம்பியை விட்டுட்டாங்க. ஒத்துக்கிறேன்னு சொல்ல அவனுக்கு வாய்ப்பே வரல, துணி அண்ணாவும் மேலாளரும் சொன்னதுலயே முடிஞ்சுபோச்சு. கோர்ட்டை விட்டு வெளியே வந்ததும் தம்பி பெண்டாட்டியோட அப்பா எங்களைத் தேடி வந்தாரு. அத்தனை பேரு முன்னாடி தம்பி கையைப் பிடிச்சுக்கிட்டு, "மாப்பிள்ளை, பாவி நான், உங்களைச் சந்தேகப்பட்டேன், மன்னிச்சுடுங்க"ன்னு அழுதாரு. சுட்ட மாதிரி தம்பி கையை உருவிக்கிட்டான். கூச்சம்னு நினைச்சேன். மனசு நிறைஞ்சு இருந்துச்சு எனக்கு. அம்மாவுக்குப் போன் போட்டு, சமையலைப் பண்ணி வைங்க, உங்க பிள்ளையைக் கூட்டிட்டு வர்றேன்னு சொன்னேன்.

என் வண்டியில புதுப் பம்ப் போட்டாச்சு. நெடுஞ்சாலையில திரும்பினோம். பட்டப்பகல், வெறிச்சுன்னு ரோடு. நான் வாய் ஓயாம பேசிட்டு வர்றேன். வேலை தேடலாம், வீடு மாத்தலாம், கொஞ்ச நாள் எங்க வீட்டுல வந்து இருன்னு. அவன் முன்னாடியே பார்த்துட்டு வந்தான்.

"இந்த இடம்தான்க்கா"ன்னான்.

"பார்க்காதே. கண்ணை மூடிக்கோ. பம்ப்புதான் நிறுத்துச்சு, ஊருக்கே தெரிஞ்சாச்சு. நீ ஒண்ணும் பண்ணல."

"பம்ப்புதான் நிறுத்துச்சு. அவ என்னைக் கேட்டா, எதுக்கு நிறுத்தினேன்னு. தெரியல, தானா நின்னுடுச்சுன்னு சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தச் சண்டையில ஜெயிக்கணும்க்கா. ஆமாடி, நான்தான் நிறுத்தினேன், இறங்குன்னேன். அவ நம்பல. சிரிச்சா. இறங்குடின்னு கத்தினேன்."

நான் ஓட்டிட்டு இருந்தேன்.

"கண்ணெல்லாம் தண்ணியா இறங்கினா. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்."

அவன் எதுக்காக அந்தத் தண்டனையை அப்படிக் கேட்டு நின்னான்னு புரிஞ்சுது. அதை அவன் கையில இருந்து பிடுங்கத்தான் நான் இத்தனை மாசம் பாடுபட்டிருக்கேன். வேகமுள் துளிகூட அசையாம நின்னுச்சு, எஞ்சின் பட்டு மாதிரி ஓடிச்சு.

"நிறுத்துக்கா"ன்னான் தம்பி. குரல் அமைதியா இருந்துச்சு. "நான் இங்க இறங்கிக்கறேன்."

கதவுப் பூட்டை அழுத்தினேன். வேகத்தைக் குறைக்கல. அவன் மறுபடி கேக்கவும் இல்ல, என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்ல. வீடு வந்து சேர்ற வரைக்கும் அவன் கை கதவுப் பிடியிலேயே இருந்துச்சு.